வகுப்புக்கு வந்தவர் மட்டும்

அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டபோது நான் தலைப்பைப் படிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உட்கார்ந்து, மற்றவர்கள் படிக்காமல் விட்ட வரிகளைப் படிப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவள் நான். இப்போதும் வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மருந்து அட்டையின் பின்பக்கத்தில் இருப்பதைக்கூட விடமாட்டேன். அப்படிப்பட்டவள், ஆவடியில் ஓர் அரசு மருத்துவமனையின் முதல் மாடியில், நர்ஸ் நீட்டிய நோட்டை வாங்கி, ஏழாவது வரியில் பெயர், வயது, கைபேசி எண் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எத்தனையோ கூட்டங்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டது.

நான் அங்கே போனதே இன்னொருவருக்குப் பதிலாக.

சேக்காட்டில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்தெருவில் நான்கு போர்ஷன்கள் உள்ள ஒரு வீடு இருக்கிறது. இரண்டாவது போர்ஷனில் குடியிருந்தாள் அவள். அவளுடைய மகனும் என் மகளும் ஒரே பள்ளி வேனில் போகிறார்கள். எட்டு இருபதுக்கு வர வேண்டிய வேன் எட்டரைக்கு வரும். அந்தப் பத்து நிமிடத்தில் வளர்ந்த பழக்கம் எங்களுடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலை அவளுக்கு. இரவு ஷிப்ட் முடிந்து வரும் நாட்களில் கம்பெனிச் சட்டையோடே மகனை வேனில் ஏற்றுவாள். மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் சுருள் இருக்கும். என் மகளின் அறுந்த பையை ஒருநாள் அந்த டேப்பால் சுற்றி ஒட்டிக் கொடுத்தாள். அது இன்னும் பிரியவில்லை.

இரண்டாவது குழந்தை உண்டான செய்தியை அவள் சொல்லவில்லை. இரண்டு விரலைக் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அதற்குப் பிறகு கம்பெனிக் கதைகள் தினமும் வந்தன. அவள் நின்று வேலை செய்யும் வரிசையில் ஒரே சமயத்தில் மூன்று பேர் கர்ப்பமாக இருந்தார்கள். சூப்பர்வைசர் மனமிரங்கி ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்.

"ஒரு சேரு, மூணு வயிறு," என்றாள். "மணிக்கு இருபது நிமிஷம் ஒருத்திக்கு. யாருக்கு மாசம் அதிகமோ அவளுக்கு மத்த ரெண்டு பேரு அஞ்சு நிமிஷம் வுட்டுக் குடுக்கணும். நாங்களே போட்டுகினது."

"சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டாரா?"

"அவருக்கு இன்னா தெரியும்? அவரு மணி பாக்கறதே டீக்கு."

எட்டாம் மாதம் தொடங்கியதும் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்ப வரும்போது இடம் இருந்தால் தருவார்களாம். அதை அவள் ஒரு தகவலாகத்தான் சொன்னாள், குறையாக இல்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. அதையும் வேன் வரும் வரையிலான பத்து நிமிடத்தில்தான் சொன்னாள்.

முதல் பிரசவம் அவளுடைய அம்மா ஊரில் நடந்தது, ஆரணிப் பக்கம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். அங்கே ஒரு மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கு உள்ளே போனவள் மாலை ஆறு மணிக்குப் பெற்றாள். அந்தப் பதினொரு மணி நேரமும் அம்மா வெளியே, அவள் மட்டும் உள்ளே. யாரும் கூட வரக் கூடாது என்பது அப்போதைய விதி. "தண்ணி கேட்டேன் அக்கா. யார்கிட்ட கேட்டேன்னே தெரியல. திரைதான் இருந்துச்சு. திரைகிட்ட கேட்டேன்." கத்தியதற்காகத் தொடையில் ஓர் அடியும் விழுந்தது. அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. திரையைப் பற்றிச் சொன்னபோதுதான் மாறியது. "இந்தத் தபா யாராவது ஒருத்தர் கூட இருக்கணும். யாரா இருந்தாலும் சரி. ஒண்டியா போகமாட்டேன்."

இப்போது விதி மாறியிருந்தது. பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு வரலாம். ஒருவர்தான். அவரும் குழந்தை பெற்றவராக இருக்க வேண்டும். துணைக்கு வரப்போகிறவருக்கு எட்டாம் மாதம் ஒரு மணி நேர வகுப்பு நடத்துவார்கள். இரண்டாவது பிரசவம் கணவன் வீட்டாருடையது என்பதால் அந்த இடம் மாமியாருக்குரியது. மாமியார் பட்டாபிராமில் பிறந்து ஆவடிக்கு வாக்கப்பட்டவர். மூட்டுவலிக்காரர். வகுப்பு என்றதும் சிரித்தார்.

"மூணு பெத்துருக்கேன். அதுல ரெண்டு ஊட்லயே. எனுக்கு இன்னா கிளாஸு? மாடிப்படி ஏறி நான் அத்த போய் கத்துகினு வரணுமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பேப்பர்ல இருந்தவதானே. சொம்மா போய் குந்திகினு, அவுங்க சொல்றத எழுதிகினு வந்து படிச்சுக் காட்டிடும்மா. அவ்ளோதான் மேட்டரு."

இப்படித்தான் நான் போனேன், நிருபராக. எட்டுப் பெண்கள், ஒரு துணிப் பொம்மை, ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு. நர்ஸ் நன்றாக நடத்தினார். முதுகின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் எப்படி அழுத்துவது, வலி வரும்போது மூச்சை எப்படி விடச் சொல்வது, தண்ணீரை எப்படி மடக்கு மடக்காகக் கொடுப்பது. "கத்தாதேன்னு சொல்லாதீங்க. நாங்க சொல்ற வரைக்கும் முக்குன்னும் சொல்லாதீங்க. உங்களுக்கு மயக்கம் வர்ற மாதிரி இருந்தா நின்னுக்கிட்டு வீரம் காட்டாதீங்க, தரையில உக்காந்துருங்க." பதினொரு குறிப்புகள் எடுத்தேன். அன்று மாலையே மாமியாருக்குப் படித்தும் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "இத்த சொல்றதுக்கு ஒரு மணி நேரமா?" என்றார்.

என்னுடைய அனுபவத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன், அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகள் பிறந்தாள். குழந்தை பெரிதாக இருக்கிறது, அறுவை சிகிச்சைதான் நல்லது என்று டாக்டர் சொன்னார். சொன்ன மறுநாளே என் மாமனார் ஜோதிடரிடம் போய், ஒரு புதன்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து ஒன்பது நாற்பதுக்குள் என்று எழுதி வாங்கி வந்தார். மருத்துவமனையில் யாரும் அதிசயப்படவில்லை. "அந்த ஸ்லாட்டுல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க," என்று மட்டும் வரவேற்பில் சொன்னார்கள். ஒன்பது இருபத்தெட்டுக்கு என் மகள் பிறந்ததாக எனக்குச் சொன்னார்கள். என் முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தது. என் வாழ்வின் பெரிய நிகழ்ச்சியை நான் செய்தியாகத்தான் கேட்டேன். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. வலியில்லை, குழந்தையும் நானும் நலம். ஆனால் பிரசவம் என்பது என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் மாதம் முடியும் சமயம், ஒரு திங்கட்கிழமை. வேனுக்காக நின்றிருந்தோம். அவள் மகனின் தண்ணீர்ப் புட்டியை என்னிடம் நீட்டிவிட்டு, எங்கள் காம்பவுண்டுச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். மகனுக்குத் தெரியாமல் இருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் எதையோ தேடுவது போல் நின்றாள். நிமிர்ந்ததும், "அக்கா, மணி பாருங்க," என்றாள்.

எட்டு இருபத்திரண்டு. அடுத்தது எட்டு இருபத்தொன்பது. எட்டு முப்பத்தொன்றுக்கு வேன் வந்தது. மகனுக்கு முத்தம் கொடுத்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, ஜன்னல் வழியாகக் கையாட்டி, வேன் முனை திரும்பும் வரை நேராக நின்றாள். திரும்பியதும் என் தோளைப் பிடித்தாள். எட்டு முப்பத்தைந்து. ஏழு நிமிடம் ஆறாகியிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தேர்தல் முடிவு வரும் நாட்களில் அலுவலகத்தில் எனக்கு இப்படி இருக்கும். ஆனால் அங்கே எண்களை வேறு யாராவது தருவார்கள். இங்கே அவை என் தோளிலேயே பதிந்துகொண்டிருந்தன.

அவள் வீட்டுக்குப் போனால், காலையிலேயே அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்களோ என்னவோ, இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். அதுதான் எதிர்பாராதது. அவளுடைய அம்மா முந்தின நாள் மாலை ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், ஒரு கட்டைப் பையில் பழைய வேட்டித் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லியிருந்தார். இப்போது அந்தக் கட்டைப் பையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். மாமியாரும் புடவை மாற்றி, தலை வாரி, ஒரு பிளாஸ்டிக் கூடையோடு நின்றார்.

அவள் கணவர் திருமழிசை எஸ்டேட்டுக்குச் சரக்கு ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். அன்று சரக்கு ஏற்றுவதற்கு முன் செய்தி போய்விட்டது. வண்டியைத் தெருவுக்குள் பின்பக்கமாகவே கொண்டுவந்து நிறுத்தினார். அவளை முன்னால் ஏற்றினோம். "நீங்களும் வாங்க அக்கா," என்றாள் கதவைப் பிடித்துக்கொண்டு. "அந்த எழுதின நோட்ட எடுத்துகினு வாங்க." ஓடிப் போய் எடுத்து வந்தேன். தார்ப்பாயை மடித்துப் போட்டு, பின்னால் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

சேக்காட்டிலிருந்து அந்த மருத்துவமனை தூரமில்லை. வேகத்தடைகள்தான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் மாமியார் டிரைவர் கேபினின் பின்கண்ணாடியைத் தட்டினார்.

"டேய், மெதுவா ஏத்துடா. உள்ள கீறது கோழி முட்ட இல்ல, உன் கொழந்த."

"யம்மா, இதுக்கு மேல மெதுவான்னா எறங்கித் தள்ளணும்."

"அப்ப எறங்கித் தள்ளு."

முன்னாலிருந்து அவள் சிரிப்பது கேட்டது. சிரிப்பு பாதியில் நின்றது. எட்டு ஐம்பத்தெட்டு. கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். வண்டி ஆடியதில் ஐந்தும் எட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவளுடைய அம்மா வழி முழுக்கக் கட்டைப் பையை மடியில் வைத்து, அதன் காதை முறுக்கிக்கொண்டே வந்தார்.

கணவர் வண்டியோடு கீழே நின்றுவிட, ஒன்பது பத்துக்கு நாங்கள் பிரசவ அறை வாசலில் நின்றோம். உள்ளே பரிசோதித்துவிட்டு, "நல்லா திறந்திருக்கு, நேரா உள்ள வந்துடட்டும்," என்று சொல்லி அவளை வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சேர்க்கைத் தாள் எழுத வேண்டும். துணைக்கு வருகிறவர் செருப்பையும் கைபேசியையும் வெளியே கொடுத்துவிட்டு மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும்.

மாமியார் செருப்பைக் கழற்றினார். அதே நேரம் அம்மாவும் கழற்றினார்.

முதலில் அது மரியாதையாகத்தான் தொடங்கியது.

"நீங்க வுக்காருங்க சம்மந்தி. உங்க காலு தாங்காது," என்றார் அம்மா.

"என் காலுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் பஸ்ல வந்த அலுப்பு. நீங்க குந்துங்க."

"நான் பெத்த பொண்ணு. நான் நின்னா அவளுக்கு ஒரு தைரியம்."

"மொத பிரசவத்துல நீங்கதான் இருந்தீங்க. நாங்க வந்து கேட்டோமா? ரெண்டாவது எங்களுது. அது முறை."

"அப்ப எங்கங்க உள்ள இருந்தேன்? பதினொரு மணி நேரம் வெளிய மரத்தடியில இருந்தேன்." அம்மாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "அவ கத்தறது ரோடு வரைக்கும் கேட்டுச்சு. உள்ள விடல. இப்பத்தான் விடறாங்க. இப்பயும் நான் வெளியவா?"

மாமியார் செருப்பைத் திரும்பப் போடவில்லை. "மூணு பெத்த கை இது," என்று கையைக் காட்டினார். "உங்களுக்கு அழத்தான் தெரியும். அவ கல்யாணத்துலயே தாலி கட்றப்போ மயங்கி விழுந்தவங்க நீங்க."

"அது வெயிலு."

"மண்டபத்துக்குள்ள இன்னா வெயிலு?"

கதவைத் திறந்து நர்ஸ் வந்தார். வகுப்பெடுத்த அதே நர்ஸ். கையில் அந்த நோட்டு. "வகுப்புக்கு வந்தது யாரு?" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸ் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அப்போதுதான் தலைப்பைப் படித்தேன். 'பிரசவத்தின்போது உடனிருக்கச் சம்மதம் தெரிவிக்கும் துணைவர்.' நன்றாக, பெரிதாக, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. ஏழாவது வரியில் என் பெயர். என் கையெழுத்து.

"அது அந்தம்மா எழுதறதுக்குப் போனது," என்றார் மாமியார். "பெக்கற விஷயத்துக்கு நானு."

"பெக்கறது அவங்க," என்றார் நர்ஸ், பெஞ்சைக் காட்டி. "நீங்க யாரும் இல்ல. வகுப்புக்கு வந்தவங்க மட்டும் வரணும்ங்கறது ரூல். வராதவங்களையும் சில நேரம் விடுவேன், வீட்டுல ஒரே பேச்சா இருந்தா. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கற வரைக்கும் என்னால நிக்க முடியாது. உள்ள மூணு பேர் வலியில இருக்காங்க. நான் இவங்களைக் கூட்டிட்டுப் போறேன். முடிவு பண்ணிட்டுத் தட்டுங்க."

அவளைக் கைகொடுத்து எழுப்பினார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பச்சைத் திரை தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்ததும் நின்றுவிட்டாள். வலி வந்து நின்றதாக நர்ஸ் நினைத்தார். எனக்குத் தெரியும், அது வலியில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா வரட்டும்," என்றாள்.

அவள் தன் அம்மாவையும் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. "அம்மா வந்தா அத்தைக்கு ஆறாது. அத்தை வந்தா அம்மாவுக்கு ஆறாது. என்னால வலியும் பட்டுகினு இதையும் பாக்க முடியாது. அக்கா எழுதிகினு வந்தாங்க இல்ல, அவங்க வரட்டும்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மாமியார் என் கையிலிருந்த கைபேசியைப் பிடுங்கித் தன் கூடையில் போட்டார். அம்மா குனிந்து என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"முதுவுல கைய வெச்சு மேலருந்து கீழ தேய்."

"வட்டமா தேய்ச்சு விடும்மா."

"சுடுதண்ணி மட்டும் குடு."

"எதுவும் குடுக்காத, வாந்தி எடுப்பா."

எனக்குப் போட்ட மேலங்கியின் நாடாவைப் பின்னால் கட்டிவிட்டுக்கொண்டே நர்ஸ் என்னைக் கேட்டார். "நீங்க பெத்தவங்கதானே?"

"ஆமா. ஒண்ணு."

"நார்மலா?"

"சிசேரியன்."

"வலி வந்து பண்ணாங்களா, தேதி குறிச்சா?"

"தேதி குறிச்சு."

நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். "அப்ப நீங்களும் இன்னைக்குத்தான் பார்க்கப் போறீங்க."

உள்ளே நான்கு கட்டில்கள், நடுவில் திரைகள், சுவரில் வட்டக் கடிகாரம். மணி ஒன்பது முப்பத்திரண்டு. என் குறிப்பு நோட்டை உள்ளே கொண்டுவர விடவில்லை. பதினொரு குறிப்புகளும் மனப்பாடமாக இருந்தன, மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் உள்ளங்கையின் அடிப்பாகம் என்பது தாளில் ஒரு சொற்றொடர். அவள் முதுகில் அது எவ்வளவு அழுத்தம் என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. முதலில் பூப்போல வைத்தேன். "அக்கா, அமுத்துங்க," என்றாள். அமுக்கினேன். "இன்னும்." கையை ஊன்றி என் எடையைக் கொடுத்தேன். அவளிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. அந்த மூச்சைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இதற்கு முன் எந்த வேலையும் தந்ததில்லை.

நடக்கச் சொன்னார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே பதினாறு அடி இருக்கும். நடந்தோம். வலி வரும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள், போனதும் நடப்பாள். அடுத்த திரைக்குள் ஒரு பெண் தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் அம்மா அங்கேயே நின்று, கூப்பிடக் கூப்பிடப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தரை வாக்கில் எங்களவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பித் தராமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா?" என்றேன். எனக்கே அவள் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல. கேட்டேன், வந்துச்சு."

பதினொன்று ஐந்துக்கு நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தார். குழந்தையின் இதயத்துடிப்பு அறை முழுக்கக் கேட்டது, பாலத்தின் மேல் போகும் மின்ரயில் போல ஒரே சீராக. காலையிலிருந்து ஐந்தாறு முறை கேட்டாகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை நர்ஸ் சிரிக்கவில்லை. கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். சத்தம் நிதானித்தது. ரயில் நிலையத்துக்குள் நுழைவது போல இடைவெளி விழுந்தது. நர்ஸ் தலையைத் திருப்பி, "மேடம்," என்றார். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே நான் பயந்தேன்.

டாக்டர் வந்தார். என்னைவிடச் சின்னப் பெண். கருவியில் ஓடிய துடிப்பின் எண்ணைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கையுறை மாட்டிச் சோதித்தார். "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்கம்மா. ஆக்சிஜன் வைங்க. தியேட்டர்ல சொல்லி வைங்க." பிறகு அவளிடம் நேராகச் சொன்னார். "குழந்தைக்குக் கொஞ்சம் சிரமம் தெரியுது. ரெண்டு வலி பார்ப்பேன். ஏறலன்னா ஆபரேஷன் பண்ணிடலாம். பயப்பட ஒண்ணும் இல்ல."

அவள் ஆக்சிஜன் முகமூடியைக் கையால் விலக்கினாள். "அங்க அக்கா வருவாங்களா?"

"அங்க யாரும் வர முடியாதும்மா."

அவள் அழவில்லை. என் கையைத் தேடி, மணிக்கட்டைப் பிடித்தாள். விரலைப் பிடித்தால் நழுவும் என்று தெரிந்தவள்போல மணிக்கட்டை. அறுவைக்கு அவள் பயப்படவில்லை என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் முகமூடியைத் திரும்ப வைத்தேன். வகுப்பில் இதற்குக் குறிப்பு இல்லை. "எங்க போனாலும் கதவு வரைக்கும் வருவேன்," என்றேன். "கதவு திறக்கறப்போ அங்கதான் நிப்பேன்." இது பொய்யில்லை என்பதைச் சரிபார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஒரு வலி வந்து போனது. எண் ஏறவில்லை. ஸ்ட்ரெச்சரின் சக்கரம் வெளியே எங்கோ உருளும் சத்தம் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன், அன்று முதல் முறையாக. இரண்டாவது வலி. அது வடிந்துகொண்டிருக்கும்போதே கருவியின் சத்தத்தில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது. பிறகு இன்னொன்று. டாக்டர் கையை உயர்த்தி எல்லோரையும் நிற்கச் சொன்னார். துடிப்புகள் நெருங்கின. ரயில் நிலையத்தைத் தாண்டியது, வேகமெடுத்தது. நூற்று முப்பது. நூற்று முப்பத்தெட்டு.

"இருக்கட்டும்," என்றார் டாக்டர். கையுறையை மாற்றிக்கொண்டு மறுபடி சோதித்தார். முகம் மாறியது. "முழுசா திறந்துடுச்சு. தியேட்டர் வேணாம்னு சொல்லிடுங்க. இங்கேயே வரப்போறாங்க."

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். காலை மடக்கு, தலையணையை உயர்த்து, விளக்கைத் திருப்பு. "இப்ப முக்கும்மா. மூச்சைப் பிடிச்சு, கீழ." நான் அவள் தலைக்குப் பின்னால் நின்று தோளைத் தாங்கினேன். என்னையறியாமல் நானும் முக்கினேன். நர்ஸ் நிமிர்ந்து, "நீங்க வேணாம்," என்றார். அவள் முக்கலுக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். "சிரிக்காத, முக்கு." முக்கினாள். "தலை தெரியுது. துணை, இங்க வந்து பாருங்க."

பார்த்தேன். ஐம்பது பைசா அளவுக்குக் கறுப்பாக, ஈரமாக, தலைமுடி. பின்வாங்கியது. மறுபடி வந்தது, பெரிதாக. மனிதர்கள் இப்படித்தான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எத்தனையோ கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். அவற்றில் எதிலும் இந்தத் தலைமுடி இல்லை. "முடி தெரியுது," என்று அவளிடம் கத்தினேன். "நிறைய முடி." தலை வந்தது, திரும்பியது, ஒரு தோள், பிறகு மீதி முழுவதும் ஒரே வழுக்கலில். பிறகு அழுகை. அடுத்த திரையிலிருந்து அந்தத் தெலுங்கு அம்மா ஏதோ வாழ்த்தினார்.

நர்ஸ் குழந்தையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். யார் பெற்றாலும் இங்கே அப்படித்தான் செய்வார்களாம். பின்னால் பேச்சு வரக் கூடாது என்பதற்காகப் பெற்றவளையே சொல்லவைப்பார்கள். "என்ன குழந்தை? நல்லா பார்த்து நீங்களே சொல்லுங்க."

"பொண்ணு," என்றாள்.

"துணை, நீங்க சொல்லுங்க."

"பொண்ணு," என்றேன். இதைவிட உறுதியாக எந்தச் செய்தியையும் நான் சரிபார்த்ததில்லை. பதினொன்று நாற்பத்தேழு.

குழந்தையைத் துடைத்து அவள் மார்பின் மேல் வைத்தார்கள். குழந்தையின் கைக்கு ஒரு பட்டை, அவள் கைக்கு ஒரு பட்டை. கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தையல் போட வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் என் முதுகைத் தட்டினார். "வேலை முடிஞ்சுது. வெளிய போய்ச் சொல்லுங்க. ரெண்டு பாட்டியும் கதவைப் பேத்துருவாங்க."

எனக்கும் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம். செய்தி கையில் இருக்கிறது, முதலில் கொடுக்க வேண்டும். மேலங்கி நாடாவில் கையை வைத்தேன். அப்போதுதான் என் இன்னொரு கையின் மணிக்கட்டு மறுபடி அவள் பிடியில் இருப்பதைக் கவனித்தேன். அவள் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடி மட்டும் தளரவில்லை.

"தையல் போடறதும் வலிக்கும் அக்கா," என்றாள், என்னைப் பார்க்காமல். "போன தபா அதுதான் ரொம்ப நேரம். எல்லாரும் கொழந்தகிட்ட போயிட்டாங்க."

நாடாவிலிருந்து கையை எடுத்தேன். நர்ஸ் என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, தானே போய்க் கதவைத் திறந்தார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

வெளியே ஒரே சமயத்தில் இரண்டு குரல்கள். யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு மாமியார் மட்டும் தெளிவாகக் கேட்டது. "அந்தம்மா இன்னும் உள்ள இன்னா பண்ணிகினு கீது?"

கதவு மூடிக்கொண்டது. டாக்டர் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, விளக்கைக் கீழே இறக்கினார். அவள் கண்ணை மூடினாள். முதல் தையலுக்கு விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. இரண்டாவதுக்குக் கொஞ்சம் குறைவாக.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"எத்தன ஆச்சு?"

"ரெண்டு."

"இன்னும் எத்தன?"

டாக்டரைப் பார்த்தேன். அவர் நிமிராமல் மூன்று விரலைக் காட்டினார். அவளிடம் சொன்னேன். சரி என்று தலையசைத்து, மார்பிலிருந்த குழந்தையை இன்னொரு கையால் கொஞ்சம் மேலே நகர்த்தி வைத்துக்கொண்டாள்.